சுற்றும் சில்லுக்கு ஒரு சட்டம்

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் நம்புவதில்லை. அதனால்தான் அவர்களுக்குள் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை. நம்பியவர்கள்தான் பொன்னேரி கோர்ட்டு வாசலில் வக்கீலுக்காகக் காத்துக்கிடக்கிறார்கள். நம்பாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே மேசையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுகிறார்கள்.

அந்த மேசையில் நான்கு பேர். பூவராகவன், சுப்பிரமணி, அந்தோணி, சின்னப்பொண்ணு. சிப்காட்டின் பின்பக்கம், ஹைவேயிலிருந்து பிரியும் மண் ரோட்டில் நால்வருக்கும் வரிசையாக, இரும்பு கொட்டிவைக்கும் நான்கு யார்டு. அந்தப் பக்கத்தில் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனி உண்டு. ஒரு வருஷத்தில் விழும் கழிவு இரும்பு முழுவதையும் ஒருவருக்கே ஏலம் விட்டுவிடும். முன்பு ஏலம் கம்பெனி வாசலில் நடந்தது. வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குகிறார்கள் என்று மேலிடத்துக்குச் சந்தேகம் வந்ததும், ஏலத்தை ஆன்லைனுக்கு மாற்றினார்கள். இனிமேல் யார் எங்கிருந்து கேட்கிறார் என்று யாருக்கும் தெரியாதல்லவா? நால்வரும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்து நான்கு போனில் கேட்டார்கள். கம்பெனிக்கு வெளிப்படைத்தன்மை வந்துவிட்ட நிம்மதி. பெஞ்சுக்கு நால்வரைத் தாங்குகிற பாரம்.

சரக்கை யார் எடுப்பது என்பது முன்கூட்டியே தீர்ந்திருக்கும். மற்ற மூவரும் ஒப்புக்கு ஏற்றிவிட்டு ஒப்புக்கு ஒதுங்குவார்கள். இதைத் தீர்ப்பதற்கு ஒரு வருஷம் சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டை மடித்தவன்மேல் சந்தேகம் வந்தது. இன்னொரு வருஷம் காசு சுண்டினார்கள். நால்வருக்கு ஒரு காசின் இரண்டு பக்கம் போதவில்லை. அப்புறம்தான் சில்லு வந்தது.

தகட்டிலிருந்து ஃபிளாஞ்சு என்கிற குழாய் வளையம் வெட்டும்போது நடுவிலிருந்து கழன்று விழும் இரும்பு வட்டம்தான் சில்லு. டிபன் தட்டு அகலம், விரல் பருமன். அந்த ரோட்டில் லாரிகளை எடை போடும் ஜெரால்டின் எடை மேடைதான் அதற்குக் களம். லாரி டயர்கள் ஏறியிறங்கி மேடைத் தகட்டைக் கண்ணாடி ஆக்கியிருந்தன. ஒரு பக்கத்து ஓரத்தில் குந்திக்கொண்டு, சில்லைத் தகட்டின்மேல் வைத்துத் தள்ள வேண்டும். அது வழுக்கிக்கொண்டு போய் எதிர் ஓரத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் நிற்கிறதோ அவ்வளவு நல்லது. யாருடையது மிகக் கிட்டமோ அவருக்கு அந்த வருஷத்துச் சரக்கு. ஓரத்தைத் தாண்டி விழுந்துவிட்டால் ஆள் அவுட்டு. ஆளுக்கு ஒரே தள்ளு.

இந்த விதிகள் எங்கும் எழுதப்படவில்லை. எழுதினால் அது ஆதாரம் ஆகிவிடும். எடை மேடைக்காரர் ஜெரால்ட்தான் நடுவர். நால்வருக்கும் சரிசமமாகப் பொய் எடை போடுகிறவர் என்பதால் அவருடைய நடுநிலையில் யாருக்கும் ஐயமில்லை.

சின்னப்பொண்ணுவின் யார்டுக்குச் சில வருஷமாகச் சரக்கு வரவில்லை. அவள் புருஷன் ஆதிகேசவன் கட்சியில் கிளைச் செயலாளர். வெள்ளைச் சட்டை கசங்கும் என்பதால் இரும்பைத் தொடுவதில்லை. யார்டு, லாரி, போலீஸ், பேரம் எல்லாம் அவள் பாடுதான். சரக்கு இல்லாத யார்டில் கோரைப்புல் முளைத்திருந்தது. எளாவூர்ப் பக்கத்து ஆடுகள் உரிமையோடு வந்து மேய்ந்தன. பக்கத்து யார்டுக்காரர் பூவராகவன், ஒரு நாள் மற்ற இருவரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு யார்டைக் கொடுக்கிறாயா என்று அவளிடம் நேராகவே கேட்டார். அவளும் நேராகவே பதில் சொன்னாள்.

"இந்த வருசமும் எனக்கு சரக்கு வரலன்னா, யார்ட நீயே எடுத்துக்கண்ணா. ஆடு மேய்க்கறதுக்கு எனக்கு இம்மாம் பெரிய எடம் வேணாம்."

பூவராகவன் அன்றைக்கே இரண்டு யார்டுக்கும் சேர்த்து அகலமான ஒற்றை கேட் ஒன்றுக்கு அளவு கொடுத்துவிட்டார். வெல்டிங் பட்டறையில் அது தயாராகிக்கொண்டிருந்தது.

அவருக்கு இருந்த ஒரே கவலை, போன வருஷத்து ஆட்டம்.

அதுவரைக்கும் சின்னப்பொண்ணுவின் சில்லு பாதி மேடையைத் தாண்டியதில்லை. பூவராகவனின் கை உலக்கை. சுப்பிரமணியின் கை அதற்கு அண்ணன். அவர்கள் நேராகத் தள்ளும் தள்ளு அவளால் ஆகாது. போன வருஷம் அவள் கடுப்பில் மணிக்கட்டை ஒரு திருகு திருகி விட்டாள். சில்லு கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே போனது. போனது என்றால், அவள் கை வலுவுக்கு நியாயமாகப் போகவேண்டிய தூரத்தைத் தாண்டியும் போனது. அந்தோணியைத் தாண்டி, சுப்பிரமணியையும் தாண்டிப் போய் நின்றது. வழக்கம்போல் கடைசியாகத் தள்ளிய பூவராகவன் அவளை ஒரே விரல் வித்தியாசத்தில்தான் முந்தினார். பூவராகவனுக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஆகவே இந்த வருஷம் ஆட்டத்துக்கு முந்தின ஞாயிறு, ஹைவே ஓர நாஷ்டாக் கடையில், இரண்டாவது வடைக்கு அப்புறம் அவர் தொண்டையைச் செருமினார்.

"இந்த சுத்தறத பத்தி ஒரு முடிவு பண்ணணும்பா. சில்லுன்னா போவணும், போயி நிக்கணும். ராட்டினம் மாதிரி இன்னாத்துக்கு சுத்தணும்?"

"சுத்தவே கூடாதுன்னு ரூலு போட்ருவோம்," என்றார் சுப்பிரமணி. பூவராகவன் சொல்வதை ஒரு படி ஏற்றிச் சொல்வது அவர் பழக்கம். ஏலத்தில் ஒப்புக்கு ஏற்றி ஏற்றி வந்தது.

அந்தோணி சாம்பார் வாளியைத் தள்ளி வைத்தார். "அது எப்டிப்பா? எனக்கு பைக்ல வுயுந்து மணிக்கட்டு ஒடஞ்சி கோணையா சேந்துகீது. நான் நேரா தள்ளுனாலும் அது அரை சுத்து சுத்திக்கினுதான் போவுது. எனக்கும் சேத்து ஆப்பா?"

இது பூவராகவன் எதிர்பாராதது. அந்தோணியின் ஓட்டு வேண்டும். மீசையை நீவினார்.

"சரி. சுத்தட்டும், வாணாங்கல. ஆனா போன வருசம் இன்னா நடந்துச்சி? இவ சில்லு போயி நின்னுச்சா? நின்ன எடத்துலயே பம்பரம் கணக்கா சுத்திக்கினு கெடந்துச்சு. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஓட்டம் நின்னப்பறமும் சுத்துனா அது நின்ன கணக்கா, நிக்காத கணக்கா?"

"ஆமா, ரெண்டு சுத்து," என்றார் சுப்பிரமணி.

"மூணு," என்றார் அந்தோணி. "எண்ணிக்கினே இருந்தேன்."

உண்மையில் யாரும் எதையும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அப்போது இடைவெளியை அளக்கும் ஜெரால்டின் விரல்மேல் இருந்தது. ஆனால் சாட்சி என்பது தோசை மாவு மாதிரி. ஒருத்தர் கரைத்து வைத்தால் போதும், தானாகப் பொங்கிவிடும்.

"அதனால ரூலு இதான்," என்றார் பூவராகவன். "சில்லு சுத்திக்கினே போலாம். ஆனா ஓட்டம் நிக்கற அதே செகண்டுல சுத்தும் நின்னுறணும். ஓட்டம் நின்னு, அப்பாலயும் சுத்துச்சுன்னா ஆட்டம் செல்லாது."

சின்னப்பொண்ணு கையில் இருந்த வடையைப் பாதியோடு தட்டில் வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். யாரையும் பார்க்காமல் ரோட்டில் போகும் ஆந்திரா லாரிகளைப் பார்த்தாள்.

"அண்ணா, இது என் வவுத்துல அடிக்கிற வேல."

"வவுத்துல இன்னா அடிச்சாங்க? ரூலு எல்லாருக்கும்தான."

"எல்லாருக்கும்னு நீ சொல்ற. சுத்தி வுடறது நான் ஒருத்திதான. என் கைக்கு அது ஒண்ணுதான் பலம். அதயும் புடுங்கிட்டா நான் இன்னா பண்ணுவேன்? நீங்க மூணு ஆம்பள தள்ளற தள்ளு நான் தள்ள முடியுமா? இத்த விட, யார்ட இப்பவே எழுதிக் குடுன்னு கேட்டுருக்கலாம்ணா நீ."

குரல் கடைசியில் கொஞ்சம் கரகரத்தது. கடைக்காரர் கூட சட்டினிக் கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பூவராகவனின் மனசுக்குள் மேளம் கொட்டியது.

கை கழுவுகிற சாக்கில் எழுந்தார். பேரத்தின் நடுவில் கை கழுவப் போவது அந்த வட்டாரத்தில் வழக்கம். கோர்ட்டில் வாய்தா கேட்பது போல. கூடவே அவர் மகன் பரத்தும் எழுந்து வந்தான். இன்ஜினீயரிங் முடித்தவன், ஞாயிறுகளில் அப்பாவுக்குக் கார் ஓட்டுகிறவன்.

"நைனா, இந்த ரூலு வேஸ்ட்டு," என்றான் குழாயடியில். "நீ சொல்றது நடக்கவே நடக்காது. தட்டையான சில்லு சுத்திக்கினே வழுக்குனா, ரெண்டும் ஒண்ணாத்தான் நிக்கும். எப்டி வுட்டாலும்."

"நான் பாத்தேன்டா."

"நீ பாக்கல நைனா. ரெண்டுக்கும் உராய்வு ஒண்ணுதான. அது ரெண்டு பக்கமும் பங்கு பிரியுது. அதனாலதான் சுத்தி வுட்டா தூரமா போவுது."

பையன் சொன்னது இவ்வளவுதான். ஆனால் விஷயம் அவர்கள் தொழிலுக்கு அந்நியமானது இல்லை. உராய்வு என்கிற ஒரே வசூல்காரன், அவனுக்கு இரண்டு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடை ஓட்டம், ஒரு கடை சுழற்சி. சில்லு சுற்றாமல் போனால் வசூல்காரன் ஓட்டக் கடை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கறந்துவிடுவான். சீக்கிரம் கடை காலி. சுற்றவும் செய்தால் அவன் அங்கேயும் இங்கேயும் அலைய வேண்டும், ஓட்டக் கடைக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும், அதனால் கூடுதல் தூரம் போகும். அவனிடம் இன்னொரு குணமும் உண்டு: எந்தக் கடையில் கையிருப்பு மிஞ்சி நிற்கிறதோ அங்கேதான் அதிகமாகப் பிடுங்குவான். ஓட்டம் இளைத்துவிட்டால் சுழற்சியைப் பிய்ப்பான். சுழற்சி இளைத்துவிட்டால் ஓட்டத்தின்மேல் பாய்வான். ஒன்றை மட்டும் பிழைக்க விட்டதாகச் சரித்திரம் இல்லை. இரண்டு கடைக்கும் ஒரே நொடியில் ஷட்டர் விழும்.

பூவராகவன் வேட்டி நுனியில் கையைத் துடைத்தார்.

"நீ படிச்சவன், கரெக்டாவே சொல்றன்னு வெச்சுக்கோ. ஒண்ணும் இல்லாத ரூலுன்னா அவ ஏன்டா வடைய பாதில வெச்சா?"

 பரத்துக்குக் கல்லூரியில் இந்தக் கேள்வி வந்ததில்லை.

"நாப்பது வருசமா இரும்பு வாங்கறேன். இரும்ப பாத்தா வாங்கறேன்? விக்கறவன் மூஞ்சப் பாத்து வாங்கறேன். குடுக்க மாட்டேன்னு எவன் அழுவுறானோ அவன்கிட்டதான் சரக்கு கீது."

"சரி நைனா, ரூல வாங்கிக்கோ. ஆனா அவ வேற எதுனா கேட்டா குடுத்துறாத. முக்கியமா கடைசியா தள்ற சான்ஸ குடுக்காத."

"போடா, கார தொற."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சரக்கில்லாத யார்டில் ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்திருந்தவளுக்கு வேறு என்ன வேலை? கிடந்த தகட்டைக் கழுவி, கிடந்த சில்லுகளைப் பொறுக்கி, ஆடுகளை வேடிக்கை பார்க்க விட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சுற்றி, வேகமாகச் சுற்றி, இடமாக, வலமாக. உராய்வு, பங்கு என்றெல்லாம் அவளுக்குப் பெயர் தெரியாது. ஒரு சில்லும் நின்ற இடத்தில் சுற்றவில்லை என்பது மட்டும் தெரியும். பூவராகவன் விதியைச் சொன்னபோது அவளுக்கு வந்தது சிரிப்பு. சிரிப்பு வரும்போது வாயில் வடை இருந்தால் ஆபத்து என்றுதான் கீழே வைத்தாள். ரோட்டைப் பார்த்ததும் அதற்குத்தான்.

பூவராகவன் திரும்பி வந்து உட்கார்ந்தார். "இன்னாம்மா முடிவு?"

"ஒத்துக்க மாட்டேன். நீங்க மூணு பேரு பேசி வெச்சிக்கினு வந்துகீறீங்க. நான் ஜெரால்டு அண்ணன்கிட்டயே நாயம் கேக்கறேன்."

"ஜெரால்டு எடைதான் போடுவான், நாயம் போட மாட்டான். ஒத்துக்கினா இன்னா வேணும், அத்த சொல்லு."

"ஒத்துக்கினா எனக்கு மூணு தள்ளு குடுக்கணும்."

"மூணா!" சுப்பிரமணி சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். "கேளும்மா, இன்னும் நல்லா கேளு. கூடவே ஒரு எலுமிச்சம்பழமும் கேளு, மந்திரிச்சுத் தர்றோம்."

"அப்ப ரெண்டு."

"ஆளுக்கு ஒண்ணுதான். அதுல மாத்தமே கெடையாது."

"அப்ப எனக்கு மட்டும் சின்ன சில்லு."

"சில்லு எல்லாருக்கும் ஒரே சைசுதான். திருப்பாச்சூர் சிவன் மேல சத்தியமா அதுல பேச்சே இல்ல."

அவள் எழுந்தேவிட்டாள். பையை இடுப்பில் செருகினாள். இரண்டடி போனாள். பூவராகவன் அவளைக் கூப்பிடவில்லை. அவள் திரும்பி வருவாள் என்று தெரியும். அவர் கூப்பிட மாட்டார் என்று அவளுக்கும் தெரியும். அதனால் கடைக்காரரிடம் டீ ஒன்று சொல்லிவிட்டு, டீ வாங்குகிற சாக்கில் திரும்பி வந்தாள்.

"எதுவுமே தர மாட்டேன்னா எப்டிண்ணா? நீ சீனியரு. எப்பவும் நீதான் கடைசியா தள்ற. இந்த வாட்டி கடைசிய எனக்கு வுடு. முன்னாடி தள்ளிட்டு நாலு பேரு முன்னாடி அவமானமா நிக்க வாணாம். கடைசில தோத்தா அப்டியே ஊட்டுக்குப் போயிடுவேன்."

வெளியே காரிலிருந்து பரத் ஹாரன் அடித்தான். ஒரு தரம் இல்லை, விட்டு விட்டு.

பூவராகவன் யோசித்தார். அவள் கேட்டது எல்லாவற்றிலும் சின்னது இது. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து சில்லு, சில்லிலிருந்து வரிசை என்று அவள் இறங்கி இறங்கி வந்திருக்கிறாள். இவ்வளவு இறங்கி வந்தவளுக்கு ஒன்றும் கொடுக்காவிட்டால், விதியையே ஒத்துக்கொள்ளாமல் போய்விடுவாள். பெரியதை வாங்கிக்கொண்டு சின்னதைக் கொடுப்பதுதானே வியாபாரம்.

"கடைசிதான? எடுத்துக்க, போ. தங்கச்சி மாதிரி. அந்த பையனுக்கு இன்னா பேஜாரு, ஹாரன் அடிச்சிக்கினே கீறான்?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் ஆறிப்போன பாதி வடையை எடுத்துச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு. ரோலிங் மில்லின் புகை கிழக்கே சாய்ந்திருந்தது. ஜெரால்ட் மேடையைக் கழுவித் துடைத்துவைத்திருந்தார். ஆதிகேசவன் கூட வந்திருந்தார், யார்டை எழுதிக் கொடுக்க வேண்டிவந்தால் கையெழுத்துக்கு. பூவராகவன் ஒரு டப்பாவில் வெள்ளைப் பெயின்ட் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு சில்லிலும் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு கோடு இழுத்தார்.

"சுத்துச்சா இல்லியான்னு சந்தேகம் வரக்கூடாது பாரு. கோடு காட்டிக் குடுத்துடும். டேய் பரத், போன்ல எடு. ஸ்லோவா ஓட்டிப் பாக்கற மாதிரி எடு."

முதலில் சுப்பிரமணி. எப்போதும் போல ஒரு படி ஏற்றித் தள்ளினார். சில்லு மேடையைத் தாண்டி, கீழே கிடந்த ஜல்லியில் போய் விழுந்தது. "தகடு வழுக்குது," என்றார். வழுக்குவதற்காகத்தானே கழுவி வைத்திருக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அடுத்தது அந்தோணி. கோணல் மணிக்கட்டு, அரைச் சுற்று, முக்கால் மேடை. அவர் சிலுவை போட்டுக்கொண்டது சில்லு நின்ற பிறகு. அது கொஞ்சம் லேட்டு.

பூவராகவன் குந்தினார். இத்தனை வருஷமும் கடைசியாகத் தள்ளியவர். முன்னால் நிற்கும் சில்லு எங்கே என்று பார்த்து, அதைவிடக் கொஞ்சம், என்று தள்ளியே கைக்குப் பழக்கம். இன்று முன்னால் இருந்தது அந்தோணியின் முக்கால். அதைத் தாண்டுவது சுலபம். ஆனால் பின்னால் ஒருத்தி இருக்கிறாள். ஓரத்தை ஒட்டித் தள்ளலாம். விழுந்தால் சரக்கும் போச்சு, அவள் யார்டும் போச்சு. இடைவெளி விட்டுத் தள்ளலாம், விட்டால் அவளுக்கு வழி. எவ்வளவு விடுவது? இப்படி ஒரு கேள்வி இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. சில்லில் வைத்த கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுபடி வைத்தார்.

"இன்னாண்ணா, கை கழுவணுமா?" என்றாள் சின்னப்பொண்ணு.

தள்ளினார். நேரான, அழகான தள்ளு. ஓரத்துக்கு ஒரு சாண் விட்டு நின்றது. நல்ல ஆட்டம்தான், யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். பயந்த ஆட்டம் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

இனி அவளுக்கு வேண்டியது ஒரு சாணுக்குள். ஓரத்தை ஒட்ட வேண்டியதில்லை, ஆசைப்பட வேண்டியதில்லை. சின்னப்பொண்ணு புடவையைச் சொருகிக்கொண்டு குந்தினாள். ஆதிகேசவன் பேனாவின் மூடியைத் திறந்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள், மூடினார்.

மணிக்கட்டைத் திருகி விட்டாள். வெள்ளைக் கோடு சுற்றிச் சுற்றி ஒரு வெள்ளை வட்டமாகிப் போனது. அந்தோணியைத் தாண்டியது. மூன்று வியாபாரிகளும் மேடையின்மேல் முழங்கால் போட்டு, நெற்றி தகட்டில் படுகிற மாதிரிக் குனிந்து பார்த்தார்கள். திருப்பாச்சூரில் கூட அவர்கள் அப்படிக் கும்பிட்டதில்லை. வட்டம் கலைந்து மறுபடி கோடாயிற்று. கோடு மெல்லத் திரும்பியது, சில்லு மெல்ல நகர்ந்தது. பூவராகவனின் சில்லைத் தாண்டியது. நின்றது. ஓரத்துக்கு நான்கு விரல்.

"சுத்துச்சு!" என்று கத்தினார் சுப்பிரமணி. "நின்னப்பறம் சுத்துச்சு, நான் பாத்தேன்!"

"ரெண்டு சுத்து," என்றார் அந்தோணி பழக்க தோஷத்தில்.

"சுத்தல," என்றார் ஜெரால்ட். "எனக்கு அப்டி தெரியல."

"போன குடுறா!" பூவராகவன் மகன் கையிலிருந்து பிடுங்கினார். நான்கு தலைகள் போனுக்கு மேல் கூடின. படம் எறும்பாக ஊர்ந்தது. சில்லு நகர்கிறது, கோடு திரும்புகிறது. கொஞ்சம் நகர்கிறது, கொஞ்சம் திரும்புகிறது. மயிரிழை நகர்கிறது, மயிரிழை திரும்புகிறது. அப்புறம் இரண்டும் இல்லை. பூவராகவன் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார். மறுபடியும். அவர் கையால் இழுத்த கோடு, அவருக்கு எதிராக அவ்வளவு தெளிவாகச் சாட்சி சொன்னது.

"கோடு காட்டிக் குடுத்துருச்சு," என்றார் ஜெரால்ட். "சரக்கு சின்னப்பொண்ணுது."

சின்னப்பொண்ணு மேடையிலிருந்து இறங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். இந்த முறை அழுகை அசல். ஆனால் பூவராகவனுக்கு நம்பிக்கை வரவில்லை. போன ஞாயிறு பார்த்த அழுகையோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம் மட்டமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை பெஞ்சில் நால்வரும் உட்கார்ந்து ஆன்லைனில் கடும் போட்டி நடத்தினார்கள். சின்னப்பொண்ணு எடுத்தாள். ஆரோக்கியமான போட்டிக்கு நன்றி தெரிவித்துக் கம்பெனியிலிருந்து நால்வருக்கும் மெசேஜ் வந்தது. அந்த வாரமே அவள் யார்டில் ஆடுகளை விரட்ட வேண்டியதாயிற்று.

பூவராகவன் மட்டும் தினமும் மத்தியானம், எடை மேடை ஓய்ந்திருக்கும் நேரத்தில், ஒரு சில்லோடு வந்துவிடுவார். நின்ற பிறகும் சுற்றுகிற சில்லு ஒன்றைத் தன் கையால் விட்டுக் காட்ட வேண்டும் அவருக்கு. விதி வெற்று விதி என்று ஒத்துக்கொண்டால், கடைசி ஆட்டத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்தவர் ஆகிவிடுவார். வியாபாரி தோற்கலாம், சும்மா கொடுக்கக்கூடாது. மெதுவாகத் தள்ளி அதிகமாகச் சுற்றினார். எண்ணெய் தடவினார். எண்ணெயைத் துடைத்தார். தள்ளாமல் வெறுமனே சுற்றிவிட்டபோது நின்ற இடத்தில் நன்றாகச் சுற்றியது, ஆனால் எங்கும் போகவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஆதிகேசவன், தன் கட்சிக்காரர் யாரையோ நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

ஃபோர்ஜிங் கம்பெனியிலிருந்து முதல் லோடு வந்தபோதும் பூவராகவன் மேடையில்தான் குந்தியிருந்தார். லாரி ஹாரன் அடித்தது. சின்னப்பொண்ணு டிரைவருக்குப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தாள்.

"அண்ணா, எறங்கு. உன் எடையும் சேந்து என் கணக்குல ஏறப்போவுது."

அவர் எழுந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டார். இறங்காமல் நின்றார்.

"தங்கச்சி, யோசிச்சுப் பாத்தேன். அந்த ரூலு வாணாம்மா. நமக்குள்ள இன்னாத்துக்கு ரூலு? சும்மா மனஸ்தாபம். அத்த தூக்கிருவோம். நீயும் அந்த கடைசி ஆட்டத்த திருப்பிக் குடுத்துடு. பழயபடி இருந்துக்கலாம்."

சின்னப்பொண்ணு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆந்திரா லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தாள்.

"அது எப்டிண்ணா? அன்னிக்கி அந்த ரூலு வாணாம்னு அவ்ளோ கெஞ்சினேன், நீ கேக்கல. இப்ப அதுல ஆடிப் பழகிட்டேன். என் சில்லு அதுல ஒயுங்கா நிக்குது. திடீர்னு தூக்குன்னா எனக்கு நஷ்டம் இல்லியா?" குரல் கடைசியில் கொஞ்சம் கரகரத்தது.

லாரிக்குள்ளிருந்து டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தான். தூரத்தில் காரிலிருந்து பரத்தும் அடித்தான்.

பூவராகவன் இரண்டையும் காதில் வாங்கவில்லை. அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். குடுக்க மனசில்லாத முகம். அப்படியானால் அதில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது.

"சரி," என்றார். "தூக்கறதுக்கு இன்னா கேக்கற?"